ஒட்டுப்பால்

மூன்று வாரமாக எட்வினுக்கு
நான் கிணற்றுக்குள் இருக்கிறேன்.

"ஒறக்கப் பறை, ஒண்ணும் கேக்கேல்ல."
ஒறக்கம் கெட்டு நாலு மணிக்கு
கடையாலுமூட்டு மேட்டில்
முந்நூற்றுப் பன்னிரண்டு ரப்பர் மரத்துக்கு நடுவே நிற்பவள்
இன்னும் எவ்வளவு ஒறக்கப் பேச?
வாயைத் திறந்தால் நெற்றி லைட்டுக்கு வந்த பூச்சி
வாய்க்குள் போகிறது.

சோஹாரில் அப்போது மணி இரண்டரை.
குடோன் வாசலில் நாற்காலி போட்டு
விடிகிறவரை முழித்திருப்பது அவன் வேலை.
அவன் குரல் எனக்குத் தெளிவு.
ஏசித் தண்ணீர் வாளியில் சொட்டுவதுகூடக் கேட்கிறது.
என் குரல்தான் போய்ச் சேரவில்லை.

செய்யாதது ஒன்றுமில்லை.
புளூடூத்தில் பெயரை அழித்து
இரண்டாம் கல்யாணம்போல மறுபடி சேர்த்தேன்.
டப்பாவில் வைத்து, பட்டனைப் பத்து எண்ணும்வரை அமுக்கினேன்.
வெள்ளை விளக்கு மூன்று தடவை கண்ணடித்தது, அவ்வளவுதான்.
மைக்குக்கு அனுமதி உண்டா என்று போனில் பார்த்தேன்.
உண்டு.
இடதைக் கழற்றி வலதோடு மட்டும்,
வலதைக் கழற்றி இடதோடு மட்டும்.
ரெக்கார்டரை ஓடவிட்டு
ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லிக் கேட்டால்
பக்கத்து வீட்டில் யாரோ ஒருத்தி
தலையணைக்குள் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

குலசேகரத்துக் கடையில் ஷிபின்
காதில் மாட்டிப் பார்க்கக்கூட இல்லை.
"அக்கா, மைக் போச்சு. புதுசு ஆயிரத்து எண்ணூறு."
அதற்கு எத்தனை கிலோ ஷீட் என்று
மனசுக்குள் தூக்கிப் பார்த்துவிட்டு வந்தேன்.

கேட்காதவனிடம் பேசுவதில்
ஒரு சுகமும் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.
தெற்கு வரிசையில் நாலு மரத்துக்குப் பட்டை நோய் என்றேன்.
"ம்."
மிளா ஒன்று ஓடைக்கரையில் வந்து நின்றது,
அதன் கண்ணில் என் லைட் எரிந்தது என்றேன்.
"ம்."
செயினை வங்கியில் வைத்து
ஸ்கூட்டர் எடுக்கப்போகிறேன் என்று
அறுபதாம் மரத்துக்கும் அறுபத்தொன்றுக்கும் இடையில்
சாதாரணக் குரலில் சொன்னேன்.
"ம்... நல்லது."
எடுத்துவிட்டேன்.

நேற்று மழை. வெட்டு இல்லை.
சிரட்டைகளில் பிடித்திருந்த ஒட்டுப்பாலை
உரித்து உரித்துச் சாக்கில் போட்டபடி
எதற்கென்று இல்லாமல் லைட்டைக் கையில் எடுத்து
இயர்பட்டின் காம்பைத் திருப்பிப் பார்த்தேன்.
அடியில் கடுகில் கால்வாசி ஓட்டை.
ஓட்டை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு தோல்.
தேன் நிறம்.
காதிலிருந்து நழுவும்போதெல்லாம்
பால் காயாத விரலால் தள்ளித் தள்ளி
நானேதான் பூசியிருக்கிறேன்.
இன்னொன்றிலும் அதே.

சேலைக்குக் குத்தும் ஊசியால் ஓரத்தைக் கிளப்பினேன்,
உள்ளே குத்திவிடாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு.
சிரட்டையிலிருந்து வருவது மாதிரியே
நீண்டு, இழுபட்டு, முழுசாக வந்தது.
அதையும் சாக்கில் போட்டேன்.
எடைக்குத்தானே விலை.

இன்று நாலு மணிக்கு
"எதுக்கு பிள்ளே இப்பிடி கெடந்து கூவுத?" என்றான்.
மூன்று வாரப் பழக்கம்,
தொண்டை இறங்க மாட்டேன் என்கிறது.
கேட்டுவிட்டது என்று தெரிந்ததும்
சொல்ல ஒன்றும் வரவில்லை.
அவனும் பேசவில்லை.
நான் வெட்டிக்கொண்டே போனேன்.
ஏழெட்டு மரம் தாண்டி, பைய,
"கத்தி மழுங்கியாச்சு. பட்ட கிழியுத சத்தம் கேக்குது" என்றான்.
கட்டைவிரலால் தடவினேன்.
சரிதான்.
கத்தியைக் கீழே வைத்து நாலு வருஷம் ஆன ஆள்.

கடைசி மரமும் முடிந்தது.
பால் இறங்கி நிற்க நேரமிருக்கிறது,
அதற்குள் வீட்டில் ஒரு சாயா.
ரோட்டோரம் போய்
சீட்டில் விழுந்த இலையைத் தட்டிவிட்டு
சாவியைத் திருப்பினேன்.

"அதென்ன சத்தம், கிரேஸ்லெட்?"

"நீ அன்னிக்கு சொன்ன 'ம்' தான்" என்றேன்,
ஒறக்க.